அணுவா, ஆற்றலா, உயிரா, அளவீடா: அறிவியலை மறுபடி எங்கே தொடங்குவது?

பள்ளிக்கூடத்தோடு அறிவியலுக்கு முழுக்குப் போட்டவர்கள் பலர், முப்பதோ ஐம்பதோ வயதான பிறகு அதை மறுபடி கையில் எடுக்க ஆசைப்படுகிறார்கள். காரணம் ஆளுக்கு ஆள் மாறும். பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று பிள்ளை கேட்டதற்கு எதையோ சொல்லிச் சமாளித்தவர் இருப்பார். மருத்துவப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்று தெரியாமல் விழித்தவர் இருப்பார். போட்டித் தேர்வு எழுதுகிறவர் உண்டு. எந்தக் காரியமும் ஆக வேண்டியதில்லை, உலகம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் போதும் என்பவரும் உண்டு. இத்தனை பேரும் முதலில் செய்வது ஒரே வேலைதான். பாடப்புத்தகத்தைத் தேடிப் பிடித்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். அலகுகள், பரிமாணங்கள், வரையறைகள் என்று நீளும் அந்தப் பக்கங்களைத் தாண்டுவதற்குள் ஆசை வடிந்துவிடுகிறது.

பாடப்புத்தகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது கல்வியாண்டுக்கும் தேர்வுக்கும் ஏற்ப அடுக்கப்பட்டது. அடுத்த வகுப்புக்கு எது தேவையோ அது இந்த வகுப்பில் வரும். வளர்ந்த ஒருவர் தானாகப் படிக்கும்போது அந்த வரிசைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற பிரிவினைக்கும் அப்படித்தான். உடம்பின் சூடு எந்தப் பாடத்தைச் சேர்ந்தது? மூன்றையும்தான். ஆகவே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட ஒரு கருத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது நல்லது. அதற்குத் தகுதியானவை என்று நான்கைச் சொல்வேன். பொருள்கள் அணுக்களால் ஆனவை என்பது ஒன்று. ஆற்றல் அழிவதில்லை, வடிவம்தான் மாறுகிறது என்பது இன்னொன்று. உயிரினங்கள் பொதுவான மூதாதையிலிருந்து கிளைத்து வந்தவை என்பது மூன்றாவது. எந்த அளவீட்டிலும் பிழை உண்டு, அந்தப் பிழையையும் அளக்கலாம் என்பது நான்காவது.

நான்கையும் எடைபோட என்னிடம் இருப்பவை மூன்று கேள்விகள். சீக்கிரம் கைக்கு ஏதாவது கிடைக்குமா? கணக்கு எவ்வளவு வேண்டும்? தப்பாகப் புரிந்துகொண்டால், அது தப்பு என்று நமக்கே தெரியவருமா? மூன்றாவதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். ஆசிரியர் இல்லாமல் படிக்கிறவரைத் திருத்த ஆள் கிடையாது. எடுத்துக்கொண்ட கருத்தே அவரைத் திருத்தினால்தான் உண்டு.

அணு

எல்லாம் அணுக்களால் ஆனவை என்ற ஒற்றை வரிக்குள் அடங்கும் சமாச்சாரம் ஏராளம். தண்ணீர் ஏன் ஆவியாகிறது, வாசனை ஏன் பரவுகிறது, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, காற்றடித்த டியூப் ஏன் இறுகுகிறது என்று எதைக் கேட்டாலும் கடைசியில் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் துகள்களிடம்தான் போய் நிற்போம். பனிக்கட்டி மிதப்பதற்கும் விடை அங்கேதான். தண்ணீர் உறையும்போது மூலக்கூறுகள் அறுகோண அடுக்கில் விலகி நிற்கின்றன. அதே எடை, ஆனால் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடுதல். அடர்த்தி குறைந்ததால் மிதக்கிறது.

விளக்கும் சக்தியில் அணுவுக்கு ஈடு இல்லை. ஆனால் அதைப் பார்க்க முடியாது. ஐந்து கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 167 கோடி கோடி கோடி மூலக்கூறுகள் என்று படித்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாமே தவிர, சரிபார்க்க வழியில்லை. வாசகர் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. டால்டன் தன் அணுக் கொள்கையைப் புத்தகமாக வெளியிட்டது 1808-ல். அதற்குப் பிறகு நூறு ஆண்டு கழித்தும் எர்ன்ஸ்ட் மாக், வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் போன்ற பெரிய தலைகள், கணக்குப் போட வசதியான கற்பனை என்ற அளவில்தான் அணுவை ஏற்றார்கள். 1827-ல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் பார்த்த துகள்களின் ஆட்டத்துக்கு 1905-ல் ஐன்ஸ்டைன் கணித விளக்கம் கொடுத்து, அதை ஜான் பெரன் சோதனையில் அளந்து காட்டிய பிறகுதான் 1909 வாக்கில் ஆஸ்ட்வால்ட் இறங்கிவந்தார். மாக் கடைசிவரை மசியவில்லை என்றே சொல்லலாம்.

அணுவைக் கிட்டத்தில் காட்டும் ஒரு வழி இருக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது பரவிப் பரவி, அரை ஏக்கர் பரப்பில் அலைகளை அடக்கிவிட்டதாக 1774-ல் வெளிவந்த அவருடைய குறிப்பு சொல்கிறது. அவர் அத்தோடு விட்டுவிட்டார். மிச்சக் கணக்கை நாம் போடலாம். தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர். அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். கனஅளவைப் பரப்பால் வகுத்தால் படலத்தின் தடிமன் கிடைக்கும்: 2.5 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. இதற்குமேல் அந்தப் படலம் மெலியவில்லை, ஏனென்றால் ஒரு மூலக்கூறைவிட மெல்லியதாக எண்ணெய் இருக்க முடியாது. ஒரு கரண்டியும் ஒரு வகுத்தலும் மூலக்கூறின் அளவுக்கு நம்மைக் கொண்டுபோய் விடுகின்றன. ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் கல்லூரி வாசலையே மிதிக்காமல், வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத் தொட்டியை வைத்துக்கொண்டு நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு அனுப்ப, 1891-ல் அது அச்சாயிற்று.

இருந்தாலும் முதல் வாசலாக அணுவை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். எண்ணெய்ப் படலத்தைத் தாண்டியதும் இணைதிறன், சமன்பாடு, தனிம அட்டவணை என்று பாதை செங்குத்தாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், தப்பான படத்தை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம் என்பது. சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன என்ற படம் 1920-களிலேயே காலாவதியானது. இன்றைக்கும் பாதிப் பேர் மனத்தில் அதுதான் ஓடுகிறது. அதனால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் வருவதில்லை. நஷ்டம் வராத இடத்தில் திருத்தமும் வராது.

ஆற்றல்

ஆற்றலின் குணமே வேறு. அது கிட்டத்தட்ட ஒரு வரவு செலவுக் கணக்கு. எங்கே குறைந்தாலும் வேறெங்கோ அதே அளவு கூடியிருக்க வேண்டும். கூட்டல் சரியாக வரவில்லை என்றால் எதையோ விட்டுவிட்டோம் என்று உடனே தெரிந்துவிடும். தானாகப் படிக்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்.

கணக்கென்றால் பெருக்கல், வகுத்தல்தான். அறுபது கிலோ எடையுள்ளவர் மாடிப்படியில் ஒரு மீட்டர் உயரம் ஏற 60-ஐப் புவியீர்ப்புக்கான 9.8-ஆல் பெருக்கினால் 588 ஜூல். ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்ட சுமார் 4,186 ஜூல். இந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால் போதும், வேடிக்கை தொடங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 3,14,000 ஜூல் வேண்டும். அதே ஆற்றலை வீணாக்காமல் செலவழித்தால் அந்த அறுபது கிலோ ஆளை 534 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். மின்சாரத்தில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அவரை ஆறு கிலோமீட்டருக்கு மேலே தூக்க அது போதும். சூடுபடுத்துவது எவ்வளவு பெரிய செலவு, தூக்குவது எவ்வளவு சின்னச் செலவு என்பது முதல்முறை கணக்குப் போடும் யாரையும் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிடும். மின் கட்டணம் ஏன் விளக்கால் ஏறாமல் ஹீட்டரால் ஏறுகிறது என்பதும் இதே கணக்குதான்.

உடம்புக்கும் இதே கணக்கு செல்லும். நாளைக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடுகிறவர் 24 மணி நேரத்தில் செலவழிக்கும் சராசரி திறன் 97 வாட். அந்தக் காலத்து நூறு வாட் குண்டு பல்பு ஒன்று நமக்குள்ளே இரவும் பகலும் எரிகிறது என்று அர்த்தம். இனி பத்து மாடி ஏறிவிட்டுப் பெருமையோடு நிற்கிறவரைப் பார்ப்போம். முப்பது மீட்டர் உயரம், சுமார் 17,600 ஜூல். தசைகள் தாம் செலவழிப்பதில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும், மிச்சம் சூடாகப் போகும். எனவே உண்மைச் செலவு சுமார் 70,000 ஜூல், அதாவது 17 கிலோகலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி இருக்கிறது. பத்து மாடி ஏறி இரண்டு கிராம் கொழுப்பைக்கூடக் கரைக்கவில்லை. எடை குறைப்பு விளம்பரங்களை இந்தக் கணக்கோடு படித்தால் சிரிப்பு வரும்.

இந்தக் கருத்து பிறந்த விதமும் சுவாரசியமானது. யூலியஸ் ராபர்ட் மேயர் 1840-ல் ஒரு டச்சுக் கப்பலில் மருத்துவராக ஜாவாவுக்குப் போனார். மாலுமிகளுக்கு ரத்தம் எடுத்தபோது, சிரை ரத்தம் தான் எதிர்பார்த்ததைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டார். வெப்பமான இடத்தில் உடம்பைச் சூடாக வைத்திருக்கக் குறைந்த அளவே எரிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே ரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று யோசித்துக்கொண்டே போய், வெப்பமும் வேலையும் ஒன்றாக மற்றொன்று மாறக்கூடியவை என்ற முடிவுக்கு வந்தார். ரத்தத்தின் நிறத்துக்கு அவர் சொன்ன காரணம் முழுக்கச் சரியா என்பது வேறு விஷயம், முடிவு சரி. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் அதே காலத்தில் எடைக்கல்லைக் கீழே இறங்கவிட்டு, அது சுழற்றும் துடுப்பால் தண்ணீரைக் கலக்கி, எவ்வளவு சூடேறுகிறது என்று பொறுமையாக அளந்துகொண்டிருந்தார். நூறு மீட்டர் அருவியில் விழும் தண்ணீர் வெறும் 0.23 டிகிரிதான் சூடாகும். ஜூலின் பாடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்த எண் ஒன்றே போதும்.

ஏமாறாமல் இருப்பதற்கும் இந்தக் கணக்கு உதவும். தண்ணீரை ஊற்றினால் ஓடும் இன்ஜின் என்று சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது கிளம்புவார்கள். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். பதினெட்டு கிராம் தண்ணீரைப் பிரிக்க 286 கிலோஜூல் கொடுக்க வேண்டும். பிரித்த ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பதும் அதே 286 கிலோஜூல்தான். இதில் லாபத்துக்கு இடம் எங்கே? நிற்காமல் ஓடும் இயந்திரம் கண்டுபிடித்ததாக வரும் மனுக்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே முடிவெடுத்துவிட்டது. ‘நேர்மறை ஆற்றல்’ பற்றிப் பேசுகிறவர்களிடம் எத்தனை ஜூல் என்று கேட்டுப் பார்க்கும் குறும்பும் எனக்கு உண்டு. பதில் வந்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆற்றல் என்றால் உண்மையில் என்ன என்று கேட்டால் பதில் வழுக்கிக்கொண்டே போகும். கணக்கு சரியாக வருகிறது என்பதற்கு மேல் தொட்டுக் காட்ட ஒன்றும் இல்லை. தொட்டுப் பார்த்தால்தான் மனம் ஒப்பும் என்பவருக்கு இது வறண்ட நிலமாகத் தெரியலாம்.

உயிர்

கணக்கென்றாலே ஓடுகிறவர்களுக்கு உயிரியல்தான் எளிய நுழைவு. டார்வின் 1859-ல் வெளியிட்ட கருத்தைச் சொல்ல ஒரு சமன்பாடும் வேண்டாம். பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருந்தாலும் அச்சு அசலாக இருப்பதில்லை. பிறக்கும் எல்லோரும் பிழைப்பதில்லை. பிழைத்தவற்றின் இயல்பு அடுத்த தலைமுறையில் பெருகும். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு தோட்டம், மிருகக்காட்சிசாலை, சொந்த உடம்பு என்று எதைப் பார்த்தாலும் கேள்வி முளைக்கும்.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. மூளையிலிருந்து குரல்வளைக்குப் போக வேண்டிய நரம்பு. நேர்வழியில் போனால் கைக்கெட்டும் தூரம். ஆனால் அது கழுத்து முழுக்கக் கீழே இறங்கி, இதயத்துக்கு அருகே பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து முழுக்க மேலே ஏறுகிறது. பல மீட்டர் வீண் பயணம். நமக்கும் இதே சுற்றுவழிதான், கழுத்து குட்டையாக இருப்பதால் தெரிவதில்லை. மீன் போன்ற மூதாதையில் செவுளுக்குப் போன நரம்பு இரத்தக்குழாய்க்குப் பின்னால் நேராகவே ஓடியது. கழுத்து நீள நீள, குழாயில் மாட்டிக்கொண்டது. புதிதாக வரைகிறவர் யாரும் இப்படி வரையமாட்டார். பழையதைத் திருத்தித் திருத்தி வந்தால்தான் இப்படி அமையும்.

இந்த வாசலின் ஆபத்து, அது எளிதாகத் தோன்றுவதுதான். கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். எந்தக் கிருமியும் பழகுவதில்லை. மருந்து பெரும்பாலானவற்றைக் கொல்கிறது, தற்செயலாகத் தாங்கும் தன்மை பெற்றிருந்த சில பிழைக்கின்றன, அவற்றின் வாரிசுகள் இடத்தை நிரப்புகின்றன. பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால் தாங்கும் கிருமிகளை நாமே வளர்த்துவிடுவோம் என்று எச்சரித்திருந்தார். ‘தேவைப்பட்டது, அதனால் மாறியது’ என்று புரிந்துவைத்திருப்பவருக்கு இந்த எச்சரிக்கையின் கூர்மை பிடிபடாது. அவர் தப்பாகப் புரிந்திருக்கிறார் என்று அவருக்குச் சொல்ல எந்த எண்ணும் குறுக்கே வராது. என் மூன்றாவது கேள்வியில் உயிரியல் சறுக்குவது இங்கேதான்.

பரிணாமத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது மட்டும் பழைய கதை. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-ல் ஒரே ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து பன்னிரண்டு குடுவைகளில் வளர்ப்பைத் தொடங்கினார். முப்பதாயிரம் தலைமுறைகளுக்கு மேல் கடந்த பிறகு அவற்றில் ஒரே ஒரு குடுவையில், அதுவரை ஆக்சிஜன் இருக்கும்போது தின்ன முடியாத சிட்ரேட்டைத் தின்னும் வகை தோன்றிப் பெருகியது.

அளவீடு

நான்காவதை யாரும் ஒரு வாசலாகவே எண்ணுவதில்லை. பாடப்புத்தகத்தில் அது செய்முறைப் பதிவேட்டின் கடைசி வரி. ஆனால் செய்தி படிக்கிற, மருந்து சாப்பிடுகிற, விளம்பரம் பார்க்கிற எல்லோருக்கும் தினசரி கைகொடுப்பது இதுதான்.

ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய் ஒன்று. அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை 99 சதவீதம் துல்லியம்: நோய் உள்ள நூறு பேரில் 99 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத நூறு பேரில் 99 பேரைச் சரியாக விட்டுவிடும். உங்களுக்கு ‘பாசிட்டிவ்’ என்று வருகிறது. நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 99 சதவீதம் என்று வாய் முந்தும். ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் 100 பேர், அவர்களில் 99 பேருக்கு பாசிட்டிவ். நோய் இல்லாதவர்கள் 99,900 பேர், அவர்களில் ஒரு சதவீதம், அதாவது 999 பேருக்கும் பாசிட்டிவ். மொத்தம் 1,098 பாசிட்டிவ் முடிவுகளில் உண்மையான நோயாளிகள் 99 பேர். ஒன்பது சதவீதம். அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும், பதற வேண்டியதில்லை. அறிகுறி இருந்து பரிசோதித்தவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், ஏனென்றால் அவர் ஆயிரத்தில் ஒருவர் என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. இந்த ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள இயற்பியலும் வேண்டாம், வேதியியலும் வேண்டாம்.

அளவீட்டின் உயிர்நாடி, ஒன்றை எடுத்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது. சர் சி. வி. ராமன் 1921-ல் கப்பலில் ஐரோப்பாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று அதற்குமுன் ராலே சொல்லியிருந்தார். ராமனிடம் நிக்கோல் என்ற வகைச் சின்னப் பட்டகம் ஒன்று இருந்தது. குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது தடுத்துவிடும். வானத்தின் பிரதிபலிப்பை அப்படி நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. ஆகவே நீலம் தண்ணீரிலிருந்தே வருகிறது. மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதை அவர் காரணமாகச் சொன்னார். தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்குவதும் சேர்ந்தே நீலம் தெரிகிறது என்று இன்று சொல்கிறார்கள். அந்தச் சிதறலின் பின்னால் போனதுதான் 1928-ல் ராமன் விளைவில், அதாவது சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்ற கண்டுபிடிப்பில், முடிந்தது.

இதே உத்தி நேர்மாறாகவும் வெட்டும். எக்ஸ் கதிர் கண்டுபிடித்து எட்டு ஆண்டு கழித்து, 1903-ல், பிரான்சில் ரெனே பிளான்லோ ‘N கதிர்’ (என்-கதிர்) என்ற புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். அவர் மதிப்புள்ள இயற்பியலாளர். வேறு பலரும் தாங்களும் கண்டதாகக் கட்டுரை எழுதினார்கள். அமெரிக்கரான ராபர்ட் வுட் 1904-ல் அந்த ஆய்வகத்துக்குப் போனார். இருட்டறையில், கதிரைப் பிரித்துக்காட்டும் அலுமினியப் பட்டகத்தை யாருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டார். பட்டகம் இல்லாமலேயே அவர்கள் கதிரின் பட்டைகளைப் பார்த்து இடம் குறித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பார்க்க விரும்பியதைப் பார்த்தார்கள். ராமன் ஒன்றை எடுத்தார், நீலம் மிஞ்சியது, நீலம் மெய்யானது. வுட் ஒன்றை எடுத்தார், கதிர் மிஞ்சியது, கதிர் பொய்யானது. ஒரு மருந்தைச் சாப்பிட்டதால்தான் காய்ச்சல் விட்டது என்று யாராவது சொல்லும்போது, அது இல்லாமலும் விட்டிருக்குமா என்று கேட்கத் தோன்றினால் இந்த வாசலில் நுழைந்துவிட்டீர்கள். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747-ல், ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோய் கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தபோது கேட்டதும் இதே கேள்விதான்.

இதன் பலவீனம், வியப்புக்குத் தீனி குறைவு. எதையும் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கும், ஆனால் உலகம் எதனால் ஆனது என்று சொல்லாது. இதை மட்டும் கற்றுக்கொண்டு நிற்பவர்கள் எல்லாவற்றையும் மறுத்துப் பேசும் ஆளாக மாறிவிடும் வாய்ப்பும் உண்டு. அவர்களோடு பேசுவது கஷ்டம்.

விண்வெளியையும் குவாண்டத்தையும் ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். கருந்துளை பற்றிய காணொளி யாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் தொடங்குகிறவர் முதல் நாளிலிருந்தே பிறர் சொல்வதை நம்பியாக வேண்டும், கையால் செய்து பார்க்க ஒன்றும் இருக்காது. வெறுங்கண்ணால் நிலவையும் கோள்களையும் குறித்துவைப்பது வேறு. அது அளவீட்டில் சேரும்.

யாருக்கு எது?

போட்டித் தேர்வு எழுதுகிறவர் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டுப் பாடப்புத்தக வரிசையிலேயே போகட்டும். வினாத்தாள் அந்த வரிசையில்தான் வரும். ஆர்வத்தைத் தேர்வுக்குப் பிறகு கவனித்துக்கொள்ளலாம்.

தனக்கோ வீட்டில் ஒருவருக்கோ மருத்துவ முடிவு ஒன்று எடுக்க வேண்டியிருக்கிறது, அல்லது கைபேசியில் வந்துசேரும் செய்திகளில் எதை நம்புவது என்று குழப்பம் என்பவர் அளவீட்டில் தொடங்க வேண்டும். வேறு எதுவும் அவ்வளவு சீக்கிரம் பலன் தராது. பிள்ளையோடு சேர்ந்து படிக்கிறவருக்கு என் யோசனை, வாசலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும் என்பதுதான். பூச்சியைப் பற்றிக் கேட்கிற குழந்தையிடம் ஜூல் கணக்கை நீட்டுவது வன்முறை. கணக்குப் பயம் உள்ளவர்கள் உயிரியலில் இறங்கலாம், ‘தேவைக்காக மாறியது’ என்ற வாக்கியம் வாயில் வரும்போதெல்லாம் நிறுத்தி யோசிக்கும் பழக்கத்தோடு. சமையல், சாயம், உலோகம், மருந்து என்று பொருள்களோடு தினமும் புழங்குகிறவருக்கு அணு நேராகவே பிடிபடும். அவர் கைக்குள் ஏற்கெனவே பாதி வேதியியல் இருக்கிறது.

இதில் எதிலும் சேராதவருக்கு, அதாவது சும்மா தெரிந்துகொள்ள ஆசை, எங்கே தொடங்குவது என்று மட்டும் தெரியவில்லை என்பவருக்கு, என் ஓட்டு ஆற்றலுக்கு. கணக்கு எளிது, தப்பு உடனே தெரியும், பத்து நிமிடத்தில் ஆச்சரியம் ஒன்று கிடைக்கும்.

இரண்டாவது வாசல் பெரும்பாலும் தானாகவே திறக்கும். ஆற்றலில் தொடங்கியவர் சீக்கிரமே ஒரு கேள்வியில் முட்டிக்கொள்வார்: ஆற்றல் அழிவதே இல்லை என்றால், ஆறிப்போன தண்ணீர் ஏன் அறையின் காற்றிலிருந்து சூட்டைத் திரும்ப வாங்கித் தானாகக் கொதிப்பதில்லை? கணக்குப்படி தடையே இல்லை. லுட்விக் போல்ட்ஸ்மன் 1870-களில் கொடுத்த விடை, சூடு பரவிக் கிடக்கும் விதங்கள் எண்ணிலடங்காதவை, ஓரிடத்தில் குவிந்திருக்கும் விதங்கள் அவற்றோடு ஒப்பிட இல்லாததற்குச் சமம் என்பது. எதன் விதங்கள்? அணுக்களின் விதங்கள். அணுவுக்காக மாக்கோடும் ஆஸ்ட்வால்டோடும் அவர் மல்லுக்கட்டியதற்கு இதுதான் காரணம். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு, முதல் நாளில் நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியிருந்த அணு தேவையான பொருளாகிவிடும்.

உயிரியலில் தொடங்கியவர் அளவீட்டுக்குப் போவார், மெண்டல் கூட்டிப்போவார். ஊதா நிறப் பூக்கள் 705, வெள்ளை 224 என்று அவர் எண்ணிவைத்த பட்டாணிச் செடிகளில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் தெரிகிறது. ஆனால் அவருடைய எண்கள் மொத்தத்தில் எதிர்பார்ப்புக்கு அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கின்றன என்று புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936-ல் சந்தேகம் கிளப்பினார். சர்ச்சை பல பத்தாண்டுகள் ஓடியது. முடிவு சரி, எண்கள் மட்டும் ஏன் இவ்வளவு அழகாக இருக்கின்றன என்று ஒருவர் கவலைப்படுவது எதற்கு என்று புரிய, ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டி, தலை எத்தனை முறை விழுகிறது என்று எழுதி, அதையே இன்னும் பத்துத் தடவை செய்து பார்க்க வேண்டும். ஐம்பது என்று கச்சிதமாக விழுவது அபூர்வம்.